மாமன் வீட்டு வழியாகக் கன்னியாகுமரி

இன்று காலை பு.முட்லூர் பைபாஸில் சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வடக்கிலிருந்து சைக்கிள்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். உடம்போடு ஒட்டிய பச்சைச் சட்டை, ஓட்டை ஓட்டையாய் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, முதுகில் கொட்டை எழுத்தில் கன்னியாகுமரி. என் கை தானாக மேலே போய்விட்டது. நிறுத்தி, "சாப்டீங்களா?" என்று கேட்கத்தான், வேறொன்றுமில்லை. ஒருவரும் நிற்கவில்லை. கடைசியாகப் போன பெண் மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். நான் வாழ்த்துச் சொல்வதாக நினைத்திருப்பாள். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "அது பஸ்ஸு இல்ல சார்" என்றார்.

அவர்கள் போன பிறகும் சைக்கிள் செயின் ஆயிலும் வலிக்குத் தேய்க்கும் தைலமும் கலந்த வாசனை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. இந்த வாசனை உங்களுக்குப் பழக்கம் இருக்காது. எனக்கு உண்டு. அது வந்தால் கூடவே மீன் குழம்பு வாசனையும் வரும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

என்னைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், நானும் ஒரு காலத்தில் இந்த மாதிரிச் சட்டை போட்டவன்தான். என்னுடையது ஆரஞ்சு நிறம். அப்போது சென்னையில் எனக்கு முதல் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் இரவில் எழுந்திருப்பேன். வயிறு எனக்கு முன்னால் லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்த சமயம். அதே லிஃப்டில்தான் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது: சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை சைக்கிள் பயணம், யாரும் வரலாம். யாரும் என்றால் நானும்தானே என்று பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன்.

"கன்னியாகுமரிக்குத்தான் ரயிலு இருக்குதேப்பா?"

"சைக்கிள்ள போறதுதாம்மா விசேஷம்."

"எந்தப் பக்கமா போவீங்க?"

"பாண்டிச்சேரி, கடலூர், நம்ம சிதம்பரம். அப்படியே தெக்கால."

அம்மாவின் குரலில் திடீரென்று தெம்பு வந்தது. "கடலூர் வழியாவா? அப்ப ஒன் மாமனுங்க வாசலத் தாண்டித்தான் போவணும்?"

அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எனக்கு இரண்டு தாய்மாமன்கள். பெரிய மாமா ஆலப்பாக்கம், சின்ன மாமா புதுச்சத்திரம். இரண்டும் கடலூர் சிதம்பரம் சாலையில் அடுத்தடுத்த ஊர்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் என் அக்கா கல்யாண வீடியோ. மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில் பெரிய மாமாவின் தலைப்பாகை சின்ன மாமாவின் முகத்தை மறைத்துவிட்டது. சீர் தட்டும் இரண்டு கைகளும் மட்டும்தான் தெரியும். கைகள் யாருடையவை என்பதற்கு மோதிரம்தான் சாட்சி. "வேணும்னேதான் மறைச்சான்" என்று இவர். "கேமராக்காரன் குட்டையாப் பொறந்ததுக்கு நானா பொறுப்பு?" என்று அவர். அதோடு சரி. நிலம், நீச்சு, பங்கு என்று எதிலும் தகராறு இல்லை. அந்த ஒரு தலைப்பாகைதான்.

பேச்சு இல்லையே தவிர, அண்ணன் வீட்டில் என்ன குழம்பு என்று தம்பிக்கும், தம்பி வீட்டில் என்ன பொரியல் என்று அண்ணனுக்கும் அன்றன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். சொந்தக்காரர் யார் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் முதல் கேள்வி இதுதான்: "அங்க என்னா போட்டாங்க?" பதிலைக் கேட்டுவிட்டு, அதைவிட ஒருபடி மேலே இங்கே போடுவார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்காவது உடம்பு இளைத்தால் புதுச்சத்திரம் பக்கம் அனுப்பி வைப்பது வழக்கம்.

இனி எங்கள் கேப்டன். சைக்கிள் பயணத்தை நடத்தியவர். கழுத்தில் விசில், கையில் வாட்ச், முகத்தில் சிரிப்பு கிடையாது. அவருக்கு ஒரே ஒரு சட்டம். இருட்டுவதற்குள் அன்றைக்குத் தங்கும் இடத்துக்குச் சைக்கிளில் வந்து சேர வேண்டும். இருட்டிய பிறகு வந்தாலோ, ஏதாவது வண்டியில் ஏறி வந்தாலோ, மறுநாள் காலை பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவருடைய வேன் ஒன்று எங்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வரும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'பிணவண்டி'. மரக்காணத்துக்கு முன்னாலேயே இரண்டு பேரை அதில் ஏற்றிவிட்டார்கள். ஒருவர் நன்றாக ஓட்டியவர்தான். வழியில் ஒரு மோர்க்கடையில் அசந்துபோனதுதான் அவர் செய்த குற்றம்.

மூன்றாவது நாளில் பாண்டிச்சேரியிலிருந்து சிதம்பரம். "இன்னைக்கு ரெஸ்ட் டே மாதிரி" என்றார் கேப்டன். மேடு இல்லை, தூரமும் குறைவு. மற்றவர்களுக்கு அப்படித்தான். எனக்கு அப்படி இல்லை. காரணம் ஃப்ளெக்ஸ் பேனர்.

சிதம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் ரவி மச்சான் எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாதவர். நாங்கள் தங்கவேண்டிய கல்யாண மண்டபத்து வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் கட்டி, அதைப் போனில் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார். 'குமரி நோக்கிச் சீறிப்பாயும் எங்கள் சிங்கமே, வருக வருக!' சிங்கத்தின் படம் என்னுடையது. எந்தக் கல்யாணத்திலோ சாம்பார் ஊற்றச்சொல்லித் திரும்பியபோது எடுத்தது. கழுத்துக்குக் கீழே யாருடைய கோட்டு சூட்டையோ ஒட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு மாமாக்களும் கைகூப்பி நின்றார்கள். இரண்டு தலையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று மச்சான் பிரிண்டிங் கடையில் ஸ்கேல் வைத்து அளந்தாராம்.

யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் தோற்றால் முன்பின் தெரியாத ஊரில் தோற்பார்கள். நான் தோற்றால், என் சொந்த ஊரில், என் படத்துக்குக் கீழே, பிணவண்டியிலிருந்து இறங்க வேண்டும். கன்னியாகுமரி கிடக்கட்டும், சிதம்பரத்தில் ஆயுசுக்கும் நான் தலைகாட்ட முடியாது. பஸ் ஸ்டாண்டில் யாராவது, "சிங்கம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முந்தின இரவே கேப்டனிடம் போய் நின்றேன். "சார், வழியில சொந்தக்காரங்க இருக்காங்க. அஞ்சு அஞ்சு நிமிஷம் தலையக் காட்டிட்டு வந்துடறேன். கொஞ்சம் முன்னாடி கெளம்பட்டுமா?" அவர் வாட்சைப் பார்த்தார். சிதம்பரத்துக்கு அதுதான் வழி காட்டும் போல. "ஜோடியையும் கூட்டிட்டுப் போங்க. இருட்டுனா பஸ்ஸு" என்றார்.

பயணத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. எனக்கு வாய்த்தவர் கோயம்புத்தூர் செந்தில். கல்லைத் தின்றாலும் கணக்குப் போட்டுத் தின்கிற மனிதர். காலையில் இத்தனை பேரீச்சம்பழம், இத்தனை வாழைப்பழம், இத்தனை மடக்கு உப்புத் தண்ணீர். எண்ணெய் கண்ணில் படக்கூடாது. ஆனால் அவரிடம் ஒரே ஒரு பலவீனம் இருந்தது. யாருக்கும் அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. அத்தனை மரியாதை. எங்கள் மாமன் வீடுகளுக்குப் போகக்கூடாத ஆள் என்று உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அது செந்தில்தான்.

கருக்கலிலேயே கிளம்பிவிட்டோம். பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று சில்லென்று இருந்தது. மஞ்சக்குப்பத்தில் டீக்கடைகளில் பாட்டுப் போட ஆரம்பித்திருந்தார்கள். முதுநகரில் மீன் கூடைகளோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் கோலத்தைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எங்க ஊர்ல இந்நேரத்துக்கு ஸ்வெட்டர் போடோணுமுங்க" என்றார் செந்தில். புளிய மரங்கள் அப்போது இரண்டு பக்கமும் இருந்தன. நிழலிலேயே ஆலப்பாக்கம் போய்விடலாம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆலப்பாக்கத்தில் பெரிய மாமா நட்ட நடுரோட்டில் நின்றிருந்தார். இரண்டு கையிலும் துண்டை விரித்துப் பிடித்திருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை.

"எறங்குடா மாப்ள."

இறங்கினேன். கட்டிப்பிடித்தார். பிறகு இரண்டடி பின்னால் போய் என்னை மேலும் கீழும் பார்த்தார். சைக்கிள்காரர்கள் போடும் அரைநிக்கரில் உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். சுற்றிவந்து அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னாடா இது, பின்னால தலகாணி?"

"சீட்டு குத்தாம இருக்கறதுக்கு மாமா."

"இத மாட்டிகிட்டு எல எதிர்ல எப்பிடிடா சம்மணம் போட்டு ஒக்காருவ? லுங்கி எடுத்தாந்து குடுடி ரெண்டு பேருக்கும்!"

பெரிய மாமாவின் லுங்கிகள் எல்லாமே நீலக் கட்டம்தான். எங்கோ ஒரே தடவையில் கட்டாக வாங்கி வைத்திருந்தார். கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். இட்லி, முதல் நாள் வைத்த வஞ்சிர மீன் குழம்பு. பழைய மீன் குழம்புக்கும் சூடான இட்லிக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம், இப்போது நேரமில்லை. அன்றைக்கும் நேரமில்லைதான். "போதுமுங்க அத்தை" என்று செந்தில் சொல்லும்போதெல்லாம் அந்த 'ங்க' வில் மயங்கி அத்தை இன்னும் இரண்டு வைத்தார். "எவ்ளோ மரியாதையான புள்ள பாரு" என்று என்னை வேறு முறைத்தார்.

நிக்கருக்கு மாறிக் கிளம்பும்போது மாமா சாதாரணமாகக் கேட்டார்.

"ஒங்கூட வர்றவுங்க எல்லாரும் இதே வேஷத்துலதான் வருவாங்களா?"

"ஆமா மாமா. எல்லாம் ஆரஞ்சுதான்."

"எத்தினி பேரு இருப்பாங்க?"

"இருபது பேருக்கு மேல இருப்பாங்க."

"ம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். லுங்கி இரண்டையும், "வழியில தேவப்படும், வச்சிக்க" என்று பையில் திணித்துவிட்டார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

புதுச்சத்திரத்தில் சின்ன மாமா ஒரு பெரிய கறுப்புக் குடையோடு சாலையில் நின்றிருந்தார். வெயிலே இல்லை. அண்ணன் துண்டு என்றால் தம்பி குடை, அவ்வளவுதான். ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்து, தென்னந்தோப்பு தாண்டி அவர் வீடு. போகும் வழியிலேயே கேட்டுவிட்டார்.

"அங்க என்னா போட்டாங்க?"

"இட்லி மாமா. மீன் கொழம்பு."

"என்னா மீனு?"

"வஞ்சிரம்."

சின்ன மாமா நின்றுவிட்டார். முகம் இறுகியது. குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, டி.வி.எஸ். ஃபிஃப்டியை மிதித்துக் கிளப்பினார். "பரங்கிப்பேட்ட வரிக்கும் போயி நண்டு வாங்கியாறேன். எவனும் எழுந்து போவக் கூடாது."

"மாமா, பொழுதுக்குள்ள சிதம்பரம்..." என்று ஆரம்பித்தேன். வண்டி போய்விட்டது.

அடுத்து அத்தையின் முறை. "ஒரே வேர்வ நாத்தம். கெணத்தடியில ரெண்டு சொம்பு ஊத்திக்கங்க ரெண்டு பேரும்." இதில் என்ன தப்பு இருக்கிறது என்று குளிக்கப் போனோம். குளித்துவிட்டு வந்து பார்த்தால் கொடியில் போட்ட துணிகளைக் காணோம். செந்தில் இடுப்பில் துண்டோடு, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, நம்ம டிரஸ்ஸக் காணமுங்க" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சின்ன மாமா வீட்டின் புராதன ஆயுதம் இது. வந்த விருந்தாளியை உடனே அனுப்ப மனசில்லை என்றால், இரு என்று கெஞ்ச மாட்டார்கள். துணியை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் நனைத்துவிடுவார்கள். ஈரத்துணியோடு யாரும் ஊருக்குப் போக முடியாது. என் அப்பா கல்யாணமான புதிதில் ஒரு மழைக்காலத்தில் இங்கே வந்து மாட்டிக்கொண்டு, வேட்டி காயாமலே ஒரு வாரம் கிடந்திருக்கிறார். அத்தை அலுமினியக் குண்டானைக் காட்டினார். நுரைக்கு நடுவே எங்கள் ஆரஞ்சுச் சட்டைகளும் நிக்கர்களும் மிதந்தன.

"நனச்சுப்போட்டேன்ப்பா. காஞ்சதும் போங்க, என்னா அவசரம்?"

அந்த நிக்கரின் பஞ்சு சீக்கிரத்தில் காயாது என்பது அத்தைக்கு எப்படித் தெரிந்ததோ. பெரிய மாமா கொடுத்த லுங்கிதான் கைகொடுத்தது. செந்தில் அதை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டார்.

நண்டு வர வெகுநேரம் ஆனது. வந்து, உடைத்து, மிளகு அரைத்து, கொதித்து, இலையில் விழும்போது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. முதலில் செந்தில் தொடவில்லை. பிறகு ஒரு காலை எடுத்து முகர்ந்தார். "நண்டுல புரோட்டீன் ஜாஸ்திங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நாளாகப் பேரீச்சம்பழத்தை எண்ணிக்கொண்டிருந்த மனிதர் இலைக்கு மேலே கவிழ்ந்து, முழங்கைவரை குழம்பு வழிய, உலகத்தை மறந்திருந்த காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே சின்ன மாமாவுக்கு ஒரு போன் வந்தது. கேட்டார். முகம் மறுபடியும் இறுகியது. "எல்லாரையுமா?" என்றார். குடையை எடுத்துக்கொண்டு வேகமாகத் தெருவுக்குப் போனவர் திரும்பவில்லை. நாங்கள் பாயில் சும்மா முதுகைச் சாய்த்தோம்.

சும்மா சாய்த்ததுதான். நான் விழித்தபோது தென்னை நிழல் வாசலைத் தாண்டி நீண்டு கிடந்தது. செந்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், அதிலும் ஒரு பணிவு இருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பிய அத்தனை பேரும் எப்போதோ எங்களைத் தாண்டிப் போயிருப்பார்கள், பிணவண்டியும் போயிருக்கும். கண் முன்னால் பேனர் வந்தது. செந்திலை உலுக்கினேன். "செந்தில், இருட்டப் போவுது! ஊர்ல எம் மானம் போவுதுங்க!"

துணிகளைத் தொட்டுப் பார்த்தேன். பஞ்சில் தண்ணீர் சொட்டியது. பிழிந்து ஹாண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டோம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தை கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்துக் கொல்லைப்புறமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். தோப்பு வழியாகச் சுற்றி, ஊருக்குத் தெற்கே போய் மெயின் ரோட்டில் ஏறினோம்.

அந்த மாலைப் பொழுதில் எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, அந்த நிக்கரைத் தைத்தவன் தெய்வம். பஞ்சு இல்லாமல் அந்த மெல்லிய சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது, லுங்கிக்கும் சைக்கிள் செயினுக்கும் ஜென்மப்பகை. ஒவ்வொரு மைலுக்கும் ஒருமுறை நுனி போய் மாட்டியது. மாட்டியதும் செந்தில், "ஏனுங்க, நில்லுங்க, நில்லுங்க, மானமுங்க" என்று கத்துவார். முட்லூர் டீக்கடையில் ஒருவர் எங்கள் சைக்கிள்களின் பகட்டையும் கீழே இருந்த லுங்கிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, சைக்கிள் வாங்குனதுல பேண்ட்டுக்குப் பத்தலியா?" என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சு இல்லை. எதிர்க்காற்று வேறு.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இத்தனை அழகாகச் சூரியன் விழுந்து நான் பார்த்ததில்லை, இத்தனை வயிற்றெரிச்சலோடும் பார்த்ததில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்யா" என்று வாய்விட்டே சொன்னேன். பாலத்தின் நடுவில் மறுபடி என் லுங்கி மாட்டியது. இந்த முறை இறங்கி எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். டர்ர் என்று ஒரு சத்தம். பெரிய மாமாவின் நீலக் கட்டத்தில் ஒரு பங்கு வெள்ளாற்றுக் காற்றில் போனது. நாங்கள் நிற்கவில்லை.

கோபுரம் கண்ணில் பட்டபோது வானத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை. மண்டபத்துத் தெருவில் திரும்பினோம். திடீரென்று சரவெடி. செந்தில் பயந்து சைக்கிளோடு பூக்கடைக்குள் போய்விட்டார். மேளம் வேறு. கோட்டுப் போட்ட என் படத்துக்குக் கீழே, பாதி லுங்கியோடும் ஹாண்டில்பாரில் தொங்கும் ஈர நிக்கரோடும் நான் இறங்கினேன். ரவி மச்சான் ஓடிவந்து மாலையைப் போட்டார்.

"மத்தவங்க எல்லாம் உள்ள இருக்காங்களா மச்சான்?" என்றேன். அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"யாரு?"

"கேப்டன், மத்த ஆளுங்க..."

"ஒருத்தரும் வரலியே. நீங்கதான் ஃபர்ஸ்ட்டு!"

செந்தில் தலையில் சாமந்திப் பூவோடு எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் தொடங்கி வாழ்க்கையில் எதிலும் நான் முதலாவதாக வந்தது கிடையாது. மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். தெருவிளக்கு எரிந்தது. இருட்டியது. ஆரஞ்சுச் சட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வழியில் விபத்து ஏதாவதா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு டிராக்டர் திரும்பியது. டிரெய்லர் நிறைய ஆட்கள். எல்லோருடைய இடுப்பிலும் நீலக் கட்டம் போட்ட லுங்கி. அதன் பின்னால் சின்ன மாமாவின் குட்டியானை வண்டி, அதில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சைக்கிள்கள். கடைசியாகப் பிணவண்டி. அதன் டிரைவர் பின் சீட்டில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டிவந்தது பெரிய மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர்.

நடந்தது இதுதான். நான் ஆலப்பாக்கத்தை விட்டுக் கிளம்பியதும் பெரிய மாமா மறுபடி துண்டோடு நடுரோட்டுக்குப் போயிருக்கிறார். ஆரஞ்சுச் சட்டையோடு வந்த அத்தனை பேரையும் மறித்து, லுங்கி கொடுத்து, உட்கார வைத்துவிட்டார். "எங்க மாப்ளகூட வந்தவன் வெறும் வயித்தோட எங்க ஊரத் தாண்டினான்னா எம் பேரு என்னா ஆவறது?" செய்தி போனில் தம்பிக்குப் போனது. இட்லியோடு அங்கிருந்து தப்பியவர்களை இவர் புதுச்சத்திரத்தில் குடையோடு மறித்து, ரோட்டோரமாகவே இலை போட்டுவிட்டார். அது அண்ணனுக்குத் தெரிந்ததும், கையில் இருந்தவர்களைக் கறிச் சாப்பாடு முடியாமல் விடுவதில்லை என்று அவர் ஆடு அடிக்கச் சொல்லிவிட்டார். கேப்டன் விசில் அடித்துப் பார்த்தாராம். "அந்தப் பீப்பிய வச்சிட்டு மொதல்ல எலயப் பாருங்க சார்" என்றாராம் பெரிய மாமா. சாப்பிட்டு முடித்தபோது சைக்கிள் மிதிக்க ஒருவராலும் முடியவில்லை; ஆட்களை அண்ணன் டிராக்டரிலும் சைக்கிள்களைத் தம்பி வண்டியிலும் ஏற்றிவிட்டார்கள்.

குட்டியானையின் முன் சீட்டிலிருந்து கேப்டன் இறங்கினார். நீலக் கட்ட லுங்கி. கழுத்தில் விசில். மடியில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று. என்னைப் பார்த்தார். இருட்டைப் பார்த்தார். மேலே இருந்த பேனரைப் பார்த்தார். எங்கள் மூன்று நாள் பழக்கத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவர் முகத்தில் வந்து போனது.

ரவி மச்சான் விவரம் தெரியாமல் நல்ல மனசோடு கேட்டார். "இருட்டுனப்பறம் வந்தா பஸ் ஏத்தி உட்ருவாங்கன்னு மச்சான் சொல்லிச்சே. சாருக்குக் காலையில எத்தினி மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போடட்டும்?"

அந்தச் சட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மறுநாள் எல்லோருமாகக் கிளம்பிக் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடல் இருந்தது.

அன்றிரவு மாமாக்கள் இருவரும் மண்டபத்து வாசலின் இந்தப் பக்கத் தூணில் ஒருவர், அந்தப் பக்கத் தூணில் ஒருவர் என்று நின்றார்கள். ஒரே வழியில் முன்னும் பின்னுமாக வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பெரிய மாமா என்னை ஓரமாக அழைத்தார். கிழிந்த லுங்கியைப் பற்றித் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அங்க என்னா போட்டான்?"

"நண்டு மாமா."

"மொளவு போட்டா, தேங்கா போட்டா?"

"மொளவு."

தலையை ஆட்டிக்கொண்டார். "நண்டு நல்லாத்தான் பண்ணுவா அவ" என்று தூணைப் பார்த்துச் சொன்னார். அதைத் தம்பியிடம் சொல்லுங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் டிராக்டரில் ஏறிவிட்டார்.

இதெல்லாம் நான்கு வழிச்சாலை வருவதற்கு முன்பு. சாலையை அகலப்படுத்தியபோது முதலில் புளிய மரங்கள் போயின. பிறகு பெரிய மாமா வீட்டின் முன்பாதி போனது. மீதிப் பாதியில் அவரும் அத்தையும் கொஞ்ச காலம் இருந்தார்கள். இன்னும் அகலம் வேண்டும் என்று அளக்க வந்தபோது பெரிய மாமா உயிரோடு இல்லை. அத்தை மகனோடு சிங்கப்பூர் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் ஊருக்கு எத்தனை தூரம் என்று காட்டும் பச்சைப் பலகை ஒன்று நிற்கிறது. துண்டை விரித்துப் பிடிக்க நடுரோடும் இல்லை, அங்கே அரளிச்செடி வைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்த பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வந்திருப்பார்கள். ஒரு நிமிடம்கூட நின்றிருக்க மாட்டார்கள். பசித்தால் பாக்கெட்டிலிருந்து ஏதோ பசையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்கிறார்கள் என்று செந்தில் சொன்னார். அவர் இப்போதும் பேசுவார். "நண்டு எப்படி இருக்குதுங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

சின்ன மாமா வீடு சந்துக்குள் இருந்ததால் தப்பித்துவிட்டது. போன மாதம் போயிருந்தேன். குடை இல்லை, கைத்தடி இருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அங்க என்னா போட்டாங்க?" என்றார்.

கேட்ட பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. தடியின் பிடியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஒற்றைச் செருப்போடு நின்றேன்.

"இட்லி மாமா" என்றேன். "மீன் கொழம்பு."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னா மீனு?"

"வஞ்சிரம்."

சின்ன மாமா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "கேட்டியாடி, வஞ்சிரமாம். நண்டு வாங்க ஆள அனுப்பு. அப்பிடியே இவன் சட்டய வாங்கி நனச்சுப் போடு."